இறந்தவர் எழுந்து பாடிய மேடை

ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் திருவிழா இரவு என்று வைத்துக்கொள்வோம். மேடையில் சிலப்பதிகார நாடகம். "யானோ அரசன்!" என்று கதறிப் பாண்டிய மன்னன் உயிர்விடுகிறான். கூட்டம் உறைந்து போகிறது. அப்போது முன்வரிசைப் பாயிலிருந்து ஒரு சிறுமி, "அம்மா, அண்ணன் கண்ணைத் திறந்து பார்க்கிறான்!" என்று கத்துகிறாள். குளிருக்குப் போர்த்திய போர்வைக்குள் பாட்டிமாரும் குலுங்கிச் சிரிக்கிறார்கள். சோகம் கலைந்துவிடுகிறது.

இதை ஒழுங்கீனம் என்று கண்டிப்போர் உண்டு. ஆனால், தமிழ் நாடக மேடையில் பார்வையாளர்கள் வாய்மூடி அமர்ந்திருந்த காலம் குறைவு. மேடையும் அவர்களை அப்படி எதிர்பார்க்கவில்லை.

தெருக்கூத்து விடிய விடிய நடப்பது. நடுச்சாமத்தில் பாதிப்பேர் உறங்கிவிடுவார்கள். அவர்களைக் கேலி செய்து எழுப்பவும், கூட்டத்தினரோடு வம்பு பேசவும் கட்டியங்காரன் என்னும் கோமாளிப் பாத்திரம் கூத்திலேயே உண்டு. ஆயினும், அதே கூட்டம் பாஞ்சாலியின் துகிலுரியும் காட்சியில் கைகூப்பி நிற்கும். துச்சாதனன் வேடமிட்டவரே சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி மன்னிப்பு வேண்டுவதுண்டு. கூத்தைத் தம்முடையதாக எண்ணியதால்தான் மக்கள் சிரிக்கவும் வணங்கவும் செய்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்தில் நாடகம் என்றால் முதலில் பாட்டுதான். சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களின் கதை எல்லாருக்கும் தெரியும். முருகன் வள்ளியை மணப்பாரா என்று எவரும் கவலைப்படவில்லை. இன்றைக்கு எப்படிப் பாடுவார் என்பதே ஆவல். ஒலிபெருக்கி இல்லாத நாள்களிலும் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் கடைசி வரிசையை எட்டியது. பாட்டு பிடித்துவிட்டால் "ஒன்ஸ் மோர்!" என்ற கூச்சல் கொட்டகையைப் பிளக்கும். இறந்து கிடந்த பாத்திரமும் எழுந்து, மீண்டும் பாடிவிட்டு, மறுபடியும் இறக்க வேண்டியிருந்தது என்று நாடக உலகில் வேடிக்கையாகச் சொல்வார்கள். காசு கொடுத்தவர் பாட்டைக் கேட்காமல் விடுவாரா? தென் தமிழகத்துக் கிராமங்களில் இன்றும் நடைபெறும் நாடகங்களில், பார்வையாளர் மேடையேறி ரூபாய் நோட்டை அன்பளிப்பாகத் தருவார். நடிகர் கதையை நிறுத்தி, அவருடைய பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டுத்தான் தொடர்வார்.

இது நம்மவருக்கு மட்டுமே உரிய பழக்கமன்று. ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் அரங்குகளில் குறைந்த கட்டணத்தில் நின்று பார்த்தோர் கூச்சலுக்குப் பெயர்போனவர்கள். அரங்கில் விளக்கை அணைத்து, அனைவரையும் இருட்டில் அமரவைக்கும் வழக்கம் ஐரோப்பாவிலேயே பிற்காலத்தில்தான் பரவியது. ஜெர்மனியின் பேராய்ட் நகரில் 1876ஆம் ஆண்டு வாக்னர் திறந்த இசை நாடக அரங்கு அதற்குப் பெரிதும் வழிகாட்டியது.

இன்று கூச்சல் குறைந்துவிட்டது; கைப்பேசிகள் உயர்கின்றன. என் கணிப்பில் கூச்சலே மேல். "ஒன்ஸ் மோர்!" என்று கூவியவரின் கண்ணும் காதும் மேடைமீதுதான் இருந்தன. படம் பிடிப்பவரோ எதிரில் நிற்கும் நடிகரை விட்டுவிட்டுக் கையகலத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; பின்னால் இருப்பவருக்கு அவருடைய முழங்கைதான் தெரிகிறது.