பழையதும் பழுதுற்றதும்

தமிழில் 'பழைய' என்னும் ஒரு சொல் பல பணிகளைச் செய்கின்றது. பழைய நண்பர் என்றால் உரிமை தோன்றுகின்றது. பழந்தமிழ் என்றால் பெருமை தோன்றுகின்றது. பழைய செருப்பு என்றாலோ தேய்வு தோன்றுகின்றது. ஆங்கிலம் இப்பொருள்களுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கின்றது.

'ஓல்ட்' என்பது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு. 'ஆன்டீக்' என்பது பழமையால் மதிப்பு ஏறியது. 'ஒர்ன் அவுட்' என்பது பயன்படுத்தியதால் தேய்ந்து நைந்தது. 'அப்சொலீட்' என்பது பழுதில்லாதபோதும் வழக்கொழிந்தது. நன்கு இயங்கும் தட்டச்சுப்பொறி இதற்குச் சான்று. 'டிலாபிடேட்டட்' என்பது பேணாமையால் சிதிலமடைந்தது. கல்லைக் குறிக்கும் 'லாபிஸ்' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். 'ரூயினஸ்' என்பது அதற்கும் அப்பால், இடியும் நிலை.

மும்பை வாழ் தமிழருக்கு இவ்வேறுபாடு வெறும் இலக்கணம் அன்று. குடியிருக்கும் வீட்டைப் பற்றியது. மாதுங்கா உள்ளிட்ட நகர்ப் பகுதியில், பழுதுபார்ப்பு வரி விதிக்கப்பட்ட கட்டடங்கள் மூன்று வகைப்படும். 1940 செப்டம்பர் 1ஆம் நாளுக்கு முற்பட்டவை 'ஏ'. அதன்பின் 1950 முடியக் கட்டப்பட்டவை 'பி'. 1951 முதல் 1969 செப்டம்பர் வரையிலானவை 'சி'. இவை வயதைக் குறிக்கும் எழுத்துக்களே.

மாநகராட்சி கட்டடத்தின் நிலையை அளந்து தரும் குறிகள் வேறு. 'சி-1' என்றால் உடனே காலிசெய்து இடிக்க வேண்டியது. 'சி-2ஏ' என்றால் காலிசெய்தோ ஒரு பகுதியை இடித்தோ பெரும் பழுது பார்க்க வேண்டியது. 'சி-2பி' என்றால் குடியிருந்தபடியே பழுது பார்க்கத்தக்கது. 'சி-3' என்றால் சிறு பழுது மட்டும் உடையது. வரி வகையிலுள்ள 'சி'யையும் அபாயத்தைக் குறிக்கும் 'சி-1'ஐயும் ஒன்றெனக் கொள்வது பெரும் பிழையாகும்.

1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றது. முப்பது ஆண்டு கடந்த கட்டடத்தின் உறுதியைச் சோதிக்க வேண்டும் என்பது ஒரு பிரிவு. இடிந்து விழும் நிலையிலுள்ளதை அகற்ற ஆணையிடலாம் என்பது மற்றொரு பிரிவு. வயது சோதனைக்குக் காரணமாகும். அதுவே தீர்ப்பு ஆகாது. அதே 1888இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா முனையம், இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அது முதுமை உடையது. சிதிலம் உடையது அன்று. ஆண்டு குறைந்த கட்டடமும் நீர்க்கசிவால் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துச் சிதைவதுண்டு.

ஆகவே, பொறியாளரின் அறிக்கை கைக்கு வந்தால், அதிலுள்ள சொல் ஆண்டைச் சொல்கின்றதா, நிலையைச் சொல்கின்றதா என்று முதலில் நோக்குக. 'பழைய கட்டடம்' என்று கேட்டு அஞ்சி வீட்டைக் கைவிடவும் வேண்டா. 'சி-1' என்று கண்ட பின்னும் பழையதுதானே என்று தங்கிவிடவும் வேண்டா.