வெறுப்பு கடிதத்தில், உடைமை ஒப்பந்தத்தில்

அமெரிக்க விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி லாரன்ஸ், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர வணிகர். நெல் விளைந்த பெருந்தோட்டங்களின் உரிமையாளர். 1750களில் அவருடைய நிறுவனம் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களை விற்றுத் தரகு பெற்றது. எந்தக் கரையிலிருந்து வந்தோர் நல்ல விலை பெறுவர், எந்த வயதினருக்குத் தேவை மிகுதி என்பவையே அவருடைய வணிகக் கடிதங்களின் பேச்சு.

1776 ஆகஸ்ட் 14 அன்று மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்திலோ, அடிமைமுறையை வெறுப்பதாகக் கூறுகிறார். தம்மிடமுள்ள அடிமைகளின் மதிப்பு 20,000 பவுண்டு என்ற கணக்கும் அதே கடிதத்தில் உள்ளது. இக்கடிதத்தைக் காட்டி அவரை மனசாட்சியுள்ளவர் எனப் போற்றுவோர் உண்டு.

நாம் கடிதத்தோடு நிற்காமல் சட்ட ஆவணத்தையும் வாசிக்க வேண்டும். 1782 நவம்பரில் பாரிசில் உருவான பூர்வாங்க அமைதி ஒப்பந்தத்தில், பின்வாங்கும் பிரிட்டிஷ் படை ‘நீக்ரோக்களையோ பிற உடைமைகளையோ’ கொண்டு செல்லக் கூடாது என்ற வாசகத்தைச் சேர்க்கச் செய்தவர் லாரன்ஸ். அதை ஏற்ற பிரிட்டிஷ் பிரதிநிதி ரிச்சர்ட் ஆஸ்வால்டு, அடிமை வணிகத்தில் அவருடைய பழைய கூட்டாளி.

விடுதலை தேடி பிரிட்டிஷ் தரப்புக்குத் தப்பிச் சென்றோரை அந்த ஒரு வாசகம் மீண்டும் உடைமையாக்கியது. எனினும், விடுதலை வாக்களிக்கப்பட்டோரைத் திருப்பித்தரத் தளபதி கார்ல்டன் மறுத்தார். 1783இல் சுமார் 3,000 பேர் நியூயார்க்கிலிருந்து கப்பலேறினர். அவர்களுடைய பெயர்கள் ஒரு பதிவேட்டில் உள்ளன. ஆண்டையின் மனவருத்தத்துக்கு முன்பாக நாம் வாசிக்க வேண்டியது அப்பெயர்களையே.