ஆட்டுங்க, இன்னும் நல்லா ஆட்டுங்க!

அம்புமுனை தேடித் தோண்டுகிற இடத்தில் எல்லோரும் சண்டை போடுவது சல்லடைக்குத்தான். மண்வெட்டி சும்மா கிடக்கும், சீண்ட ஆளிருக்காது. குழிக்குள் இறங்கியவர் கண்ணுக்கு எல்லாமே மண். அதை அள்ளிச் சல்லடையில் கொட்டி நாலு ஆட்டு ஆட்டினால்தான் சங்கதி வெளியே வரும். அதை முதலில் பார்க்கிற பாக்கியம் சல்லடைக்காரருக்கு!

இடம், அமெரிக்காவில் மத்திய டெக்சாஸ். சுண்ணாம்புக்கல் குன்றுகள், ஓக் மரங்கள், நடுவே ஒரு ஓடை. நண்பர்கள் குழுவாகப் போனது ஒரு தனியார் பண்ணைக்கு, பண்ணைக்காரரின் முழு அனுமதியோடு. இங்கே தனியார் நிலத்தில் கிடைக்கிற கல்லாயுதம் நிலத்துக்காரருக்குச் சொந்தம். அரசு நிலத்தில் பெர்மிட் இல்லாமல் மண்ணைக் கிளறவே கூடாது. மனித எலும்பு மாதிரி ஏதாவது தெரிந்தால், யார் நிலமானாலும் வேலை அத்தோடு நின்றுவிடும்.

சல்லடை என்றதும் சமையலறைச் சாமானை நினைக்காதீர்கள். மரச்சட்டம், அடியில் கால் அங்குலக் கம்பிவலை, முன்பக்கம் இரண்டு கால்கள். பின்பக்கக் கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பத்து நிமிஷத்தில் முகமெல்லாம் கரி! ஆமாம், அந்த மண் அப்படியொரு கறுப்பு. பழங்குடி மக்கள் இங்கே குழி வெட்டித் தீ மூட்டி, கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின்மேல் தழையும் கிழங்கும் பரப்பி, மண்ணால் மூடி நாள் கணக்கில் வேகவைத்திருக்கிறார்கள். சூட்டில் வெடித்த கற்களை ஒதுக்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் அடுத்த அடுப்பு. தலைமுறை தலைமுறையாக இப்படியே சமைத்ததில் மேடே எழும்பிவிட்டது. நாங்கள் சலிப்பது அவர்களுடைய அடுப்பங்கரையை!

“அக்கா, நிறுத்துங்க! அந்த மூலையைப் பாருங்க!”

சில்லுதான். பெரும்பாலும் சில்லுதான் வரும். சக்கிமுக்கிக் கல்லை உடைத்து ஆயுதம் செய்தபோது தெறித்தவை. எனக்கு அவையும் பிடிக்கும். ஒன்றை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். அடி விழுந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு, அங்கிருந்து அலை அலையாகப் பரவும் கோடுகள். ஒரே ஒரு அடி, அப்படியே கல்லில் பதிந்து நிற்கிறது.

அப்புறம் வந்தது அது! தேன் நிறம், முழுசாக, ஒரு நுனிகூட உடையாமல். ஓரம் முழுக்க மான் கொம்பால் அழுத்தி அழுத்திப் பெயர்த்த தடம். காம்பின் அடியில் நடுவே ஒரு வெட்டு. அந்த வெட்டைப் பார்த்ததும் மூன்று பேர் ஒரே குரலில் கத்தினோம்: “பெடர்னாலஸ்!” பக்கத்திலேயே ஓடும் ஆற்றின் பெயரைத் தாங்கிய கல்முனை வகை. வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல்.

இதில் வேடிக்கை, அது அம்புமுனையே இல்லை. இந்தப் பக்கம் வில் வந்து சேர்ந்தே சுமார் 1,300 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கு முன்னால் அட்லாட்டில் என்கிற கொக்கிக் கட்டையில் பொருத்தி வீசிய எறியீட்டிகள்தான். கண்ணாடிப் பெட்டிகளில் ‘அம்புமுனை’ என்று மின்னுகிற பெரிய முனைகளில் பெரும்பாலானவை அந்த ஈட்டிகளுடையவை. நிஜ அம்புமுனை பொடிசு. பெர்டிஸ் என்கிற வகையைப் பார்த்தால் இதையா மானுக்கு எய்தார்கள் என்று வாயைப் பிளப்பீர்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. எது கிடைத்தாலும் உடனே டேப் வைத்து ஆழத்தை அளந்து, எந்தக் குழி, எத்தனை அங்குலம் என்று பையின்மேல் எழுதிவிட வேண்டும். கால்ட் என்ற இடத்தின் கதை தெரிந்தவர்கள் இதை விடவே மாட்டார்கள். டெக்சாஸின் ஃபுளோரன்ஸ் ஊருக்குப் பக்கம். பல்லாண்டு காலம் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்துத் தோண்டிய நிலம் அது. மேலே கறுப்பு மண்ணைச் சல்லடை போட்டுச் சலித்தவர்கள் அடியிலிருந்த களிமண்ணைப் பெரிதாகத் தொடவில்லை. பிறகு மைக்கேல் காலின்ஸ் என்ற தொல்லியலாளர் குழுவோடு இறங்கினார். அந்தக் களிமண்ணில் 13,000 ஆண்டு பழைய, குளோவிஸ் என்கிற பண்பாட்டின் கருவிகள்! அதற்கும் கீழே இன்னும் பழையவை. 16,000 ஆண்டுகளுக்குக் குறையாது என்று 2018இல் ஆய்வு வெளியானது. காலின்ஸ் 2007இல் அந்த நிலத்தைத் தானே விலைக்கு வாங்கி, தொல்லியல் இடங்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தே விட்டார். மேலே அள்ளிப் போனவற்றில் எது எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. எனக்கு அது ஆறவே ஆறாது.

அதனால் பண்ணைக்காரரிடம் முன்பே பேசி வைத்திருக்கிறோம். கறுப்பு மண் முடிந்து களிமண் தலைகாட்டினால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தொல்லியலாளர்களுக்குப் போன் போட வேண்டும். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். இப்போதைக்கு இடுப்பளவு இறங்கியும் கறுப்பு மண்தான். சலித்துக் கொட்டக் கொட்ட அடுத்த வாளி வந்துகொண்டே இருக்கிறது!