நோயாளியின் கையெழுத்தும் போட்டிச் சட்டத்தின் விதிவிலக்கும்

பாரிவாக்கத்தில் நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், குடும்பத்தார் மருத்துவமனைகளின் கட்டணங்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில்லை. அருகில் எது திறந்திருக்கிறதோ அங்கே ஓடுகின்றனர். மருந்து, ஊசி, பரிசோதனை யாவும் உள்ளேயே என்னும் நிபந்தனை அதன்பின்தான் தெரியவருகிறது. இதைச் சட்டம் தடுக்கிறதா?

2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், 3ஆம் பிரிவில், போட்டிக்குக் கேடு விளைவிக்கும் ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்கிறது. மும்பை பவாயிலுள்ள ஹிரானந்தானி மருத்துவமனை, தொப்புள்கொடி இரத்தத்தின் குருத்தணுக்களைச் சேமிக்க ஒரே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்திருந்தது. வேறு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்த கர்ப்பிணிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் 2014இல் ஏறத்தாழ 3.8 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்துவிட்டது.

இவ்வழக்கு இரு நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றியது. நோயாளியே கையெழுத்திடும் படிவத்தின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டுத் திருத்தம், நிறுவனத்துக்கும் இறுதி நுகர்வோருக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்கு 3(4) உட்பிரிவு பொருந்தாது என வெளிப்படையாகவே கூறிவிட்டது. ‘இதை வாங்கினால் அதையும் வாங்கு’ என்னும் கட்டாயத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் உட்பிரிவு அதுதான்! எஞ்சியிருப்பது 4ஆம் பிரிவு. அதன்படி, மருத்துவமனை சந்தையில் ஆதிக்க நிலையில் உள்ளது என்பதை முதலில் நிறுவ வேண்டும். தில்லியில் 10 ரூபாய்க்கு வெளியே கிடைத்த ஊசிக்குழல் மருத்துவமனைக்குள் 19 ரூபாய் 50 காசுக்கு விற்கப்பட்டதாக 2015இல் அளிக்கப்பட்ட புகார், இவ்வழியில்தான் பல ஆண்டு விசாரணையாக நீண்டது.

மருத்துவமனை மருந்தகங்களிலேயே வாங்கும்படி கட்டாயப்படுத்துவது பற்றிய பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கட்டாய ஆணை எதையும் பிறப்பிக்கவில்லை. கொள்கை முடிவை மாநிலங்களிடம் விட்டது.

நிலமும் சேமிப்பும் மறுக்கப்பட்ட தலித் குடும்பம், ஊசிக்குழலுக்கான கூடுதல் விலையையும் வட்டிக் கடனில்தான் செலுத்துகிறது. அரசு தலையிடாத சுதந்திரம் வலியவரின் ஆதிக்கமாகவே முடியும் என அம்பேத்கர் 1947லேயே எச்சரித்தார். ஒப்பந்தச் சுதந்திரம் என்பது இங்கே யாருடைய சுதந்திரம்?

தமிழ்நாட்டுக்கு இதற்கெனப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை என்பது என் கருத்து. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. மருந்துச் சீட்டுடன் எந்தக் கடையிலும் வாங்கலாம், வெளி ஆய்வக அறிக்கையை மறுக்கலாகாது என்பவற்றை அதன் விதிகளில் பதிவுக்கான நிபந்தனைகளாகச் சேர்க்கக் கோரலாம். அதுவரை மருந்துச் சீட்டு, உள்விலை ரசீது, வெளிவிலை ரசீது ஆகிய மூன்றையும் நோயாளியின் குடும்பத்தார் பத்திரப்படுத்துவது நல்லது. தில்லி வழக்கும் இரண்டு விலைகளை ஒப்பிட்டதில்தான் தொடங்கியது.