ஏணியும் பந்தும் – 8: ஒரு சனிக்கிழமையின் கணக்கு

பர்மிங்ஹாமில் ஜவுளிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1888-ஆம் வருஷம் எழுதிய ஒரு கடிதத்தின் பயனாக 12 கிளப்புகள் கூடி இங்கிலாந்தின் கால்பந்து லீகை ஸ்தாபித்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஒரே பிரிவாகத் தொடங்கிய அந்த ஏற்பாடு காலக்கிரமத்தில் வளர்ந்து, உச்சியில் பிரீமியர் லீகின் 20 கிளப்புகளும், அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்னும் மூன்று பிரிவுகளில் பிரிவுக்கு 24 வீதம் 72 கிளப்புகளும், அவற்றுக்கும் கீழே, வாரமெல்லாம் வேலைக்குப் போய்ச் சனிக்கிழமையில் மட்டும் பந்தாடுகிறவர்களின் எத்தனையோ உள்ளூர் லீகுகளுமாக விரிந்திருக்கிறது. ஆகஸ்டில் ஆரம்பித்து மே மாதத்தில் முடியும் ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும், ஒவ்வொரு படியிலிருந்தும் சிலர் ஏறுகிறார்கள், சிலர் இறங்குகிறார்கள்; மேலேயுள்ளவர்களுக்கு அங்கேயே நிலைத்திருக்கும் பாத்தியதை கிடையாது, கீழேயுள்ளவர்களுக்கு ஏறக்கூடாது என்ற தடையும் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் மேன்மையை உணர வேண்டுமானால், பட்டம் வென்ற அணியை மட்டும் பார்ப்பது போதாது. ஒரு பருவத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டியலாக விரித்து வைத்துக்கொண்டு, ஓர் ஊரில் விழுந்த கோல் எங்கோ இருக்கும் இன்னோர் ஊரின் வருங்காலத்தை எப்படித் திருப்பிவிட்டது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்க வேண்டும். அப்படிப் படிப்பதற்கு நான் எடுத்துக்கொள்வது 2015–16-ஆம் பருவம்.

அந்தப் பருவத்தைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் லெஸ்டர் சிட்டியின் கதை. 2015 ஏப்ரலில் பிரீமியர் லீகின் கடைசி இடத்தில் கிடந்து, எஞ்சியிருந்த 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று தப்பிப் பிழைத்த அந்த அணி, தன்னைக் காப்பாற்றிய மேலாளரையே கோடையில் அனுப்பிவிட்டு, கிரேக்க தேசிய அணியிலிருந்து சில மாதங்களுக்கு முன்புதான் விலக்கப்பட்டிருந்த கிளாடியோ ரனியேரியை அழைத்து வந்தபோது, பந்தயக்காரர்கள் அது பட்டம் வெல்லும் என்பதற்கு ஒன்றுக்கு 5,000 தருவதாக அறிவித்திருந்தார்கள். மறு வருஷம் மே 2-ஆம் தேதி இரவு, செல்சியின் மைதானத்தில் இரண்டு கோல் முன்னணியை இழந்து டாட்டன்ஹாம் 2–2 என்று சமநிலையோடு திரும்பியதும், அன்று ஆடவே ஆடாத லெஸ்டர் சாம்பியனாகிவிட்டது. 38 ஆட்டங்களில் அது தோற்றவை மூன்றே. பெற்ற புள்ளிகள் 81.

இதையெல்லாம் அற்புதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குச் சம்மதமில்லை. அற்புதம் என்று சொன்னால் ஏதோ வானத்திலிருந்து இறங்கியதாகப் பொருள்படும். லெஸ்டரோ கீழிருந்து ஏறி வந்தது. ஏழு வருஷங்களுக்கு முன் அது மூன்றாம் பிரிவான லீக் ஒன்னில் ஆடிக்கொண்டிருந்த அணி. 2009-இல் அந்தப் பிரிவின் பட்டத்தையும், 2014-இல் சாம்பியன்ஷிப் பட்டத்தையும், 2016-இல் பிரீமியர் லீக் பட்டத்தையும், ஒரே சட்டையோடு, ஒரே கிளப்பில் இருந்துகொண்டே வென்ற ஆண்டி கிங் என்ற நடுக்கள ஆட்டக்காரரின் பெயரை அன்றைய கொண்டாட்டத்தில் அதிகம் பேர் உச்சரிக்கவில்லை. நான் அவரைத்தான் அந்த அணியின் உண்மையான சரித்திரம் என்று கருதுகிறேன். பதினோரு பிரீமியர் லீக் ஆட்டங்களில் இடைவிடாமல் கோல் போட்டுப் புதிய சாதனை படைத்த ஜேமி வார்டியோ, பதினாறு வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப்பால் வேண்டாமென்று அனுப்பப்பட்டு, மருத்துவத்துக்கான தாங்கு பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சிற்றூர் அணிக்கு வாரம் 30 பவுனுக்கு ஆடியவர். அவரை 2012-இல் ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து லெஸ்டர் 10 லட்சம் பவுனுக்கு வாங்கியது. கீழ்ப் படிகளில் ஆட்டம் உயிரோடு இருந்ததனால்தான், தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவனின் கால்களை யாரோ ஒருவர் கவனிக்க முடிந்தது.

அதே பட்டியலின் அடியில் ஆஸ்டன் வில்லா. மெக்ரெகரின் சொந்த கிளப் அது. 1982-இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றது. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கிய நாள் முதலாக அதிலிருந்து இறங்கியறியாதது. அந்தப் பருவம் முழுவதிலும் மூன்று வெற்றிகளும் 17 புள்ளிகளுமே பெற்று, ஏப்ரல் 16-இல் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றதோடு கீழே போயிற்று. அதற்கும் ஒரு படி கீழே, 1888-இன் பன்னிருவரில் மற்றொன்றான போல்டன் வாண்டரர்ஸ், கடனில் மூழ்கி, சாம்பியன்ஷிப்பின் கடைசி இடத்தில் 30 புள்ளிகளோடு நின்று மூன்றாம் பிரிவுக்கு இறங்கிற்று. லீகை ஸ்தாபித்தவர்களுக்குக்கூட லீக் எந்தச் சலுகையும் காட்டவில்லை. இந்தக் கடுமை எனக்குப் பிடித்திருக்கிறது. வில்லாவின் அபிமானிகளுடைய துயரத்தை மதித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

இனி, மே 7, சனிக்கிழமைக்கு வருவோம். அன்று மாலை லெஸ்டரில் ஆண்ட்ரியா போசெல்லி பாட, அணியின் தலைவர் வெஸ் மோர்கனும் ரனியேரியும் சேர்ந்து கோப்பையை உயர்த்தியதை உலகமெல்லாம் பார்த்தது. அதே நாளில் மிடில்ஸ்ப்ரோவில், அந்த ஊர் அணியும் பிரைட்டனும், பிரீமியர் லீகுக்கு நேராக ஏற எஞ்சியிருந்த ஒரே ஓர் இடத்துக்காக மோதின. ஆட்டம் 1–1. இரு அணிகளுக்கும் 89 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் மிடில்ஸ்ப்ரோவுக்கு 32, பிரைட்டனுக்கு 30. அந்த இரண்டு கோல்களால் மிடில்ஸ்ப்ரோ ஏறியது, பிரைட்டன், மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களில் தோற்று அங்கேயே நின்றது. இங்கே ஒரு பழைய விதியை நினைவுகூர வேண்டும். 1990-களில் சில காலம், புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசத்தைப் பாராமல் அதிகக் கோல் போட்டவரையே மேலே வைப்பது என்ற வழக்கம் கீழ்ப் பிரிவுகளில் இருந்தது. 1997-இல், சொந்த மைதானமும் விற்கப்பட்டு, லீகை விட்டே வெளியேறும் தறுவாயில் இருந்த பிரைட்டன், கடைசி நாளில் ஹெர்ஃபோர்டு ஊருக்குப் போய் 1–1 என்று சமன் செய்து, இருவருக்கும் 47 புள்ளிகளே இருக்க, மூன்று கோல் அதிகம் போட்டிருந்ததனால் பிழைத்தது, ஹெர்ஃபோர்டு வெளியேறிற்று. அந்த விதி 2016-லும் இருந்திருக்குமானால், 63 கோல் போட்ட மிடில்ஸ்ப்ரோ நின்றிருக்கும், 72 கோல் போட்ட பிரைட்டன் ஏறியிருக்கும். தன்னைக் காத்த விதி மாறிப்போன பின்பு கோல் வித்தியாசம் என்ற அளவுகோலால் பிரைட்டன் தவறிப்போனதை நான் எத்தனை முறை படித்தாலும் மனம் சற்றே தயங்கி நிற்கிறது. அடுத்த வருஷமே அது ஏறிவிட்டது என்பது ஆறுதல்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையின் முழுப் பொருளும் விளங்குவதற்கு நான்காம் பிரிவான லீக் டூவுக்கு இறங்கிப் போக வேண்டும். முதலிடத்தில், இலையுதிர் காலத்தில் சம்பளம் கொடுக்கவும் பணமின்றி, வரிப் பாக்கிக்காகக் கிளப்பையே கலைத்துவிடும்படி வழக்கைச் சந்தித்து, நவம்பரில் புது உரிமையாளர் கைக்கு மாறிய நார்த்தாம்ப்டன், அதன் பின்பு எவரும் எதிர்பாராத வேகத்தில் 99 புள்ளிகள் சேர்த்து எப்போதோ பட்டத்தை உறுதி செய்துவிட்டிருந்தது. மிச்சமிருந்தவை நேராக ஏறும் இரண்டு இடங்கள். அவற்றுக்கு மூன்று அணிகள். அக்ரிங்டன் ஸ்டான்லி 84 புள்ளிகள், ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் 83, பிரிஸ்டல் ரோவர்ஸ் 82. அக்ரிங்டன் தன் சொந்த மைதானத்தில் ஸ்டீவனேஜை வென்றுவிட்டால் வேறெவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அக்ரிங்டன் என்ற லங்காஷயர் நெசவாலை ஊரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லாமல் நகர முடியவில்லை. 1888-இன் பன்னிருவரில் அந்த ஊரின் பெயரும் உண்டு. அந்தப் பழைய கிளப் மறைந்தது. பின்பு எழுந்த ஸ்டான்லி என்ற கிளப் 1962-இல் பருவத்தின் நடுவிலேயே கடன் தாங்காமல் ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற முயன்றும் பலிக்காமல், லீகை இழந்து, நாளடைவில் கலைந்தும் போயிற்று. 1968-இல் ஊர் ஜனங்கள் அதே பெயரில் மீண்டும் ஒரு கிளப்பை உண்டாக்கினார்கள். அது படிப்படியாக ஏறி 2006-இல் லீகுக்குத் திரும்பியது. 1962-இல் ஸ்டான்லி விட்டுச் சென்ற இடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஆக்ஸ்ஃபோர்டு. 2006-இல் ஸ்டான்லி உள்ளே வந்த அதே பருவத்தின் முடிவில் லீகிலிருந்து வெளியே விழுந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு. இப்போது 2016-இல் ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவ்விருவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு தன் ஆட்டத்தை 3–0 என்று சிரமமின்றி வென்றுவிட்டது. அக்ரிங்டனில் கோலே விழவில்லை, 0–0. பிரிஸ்டலிலோ, ஏற்கெனவே கீழிறங்குவது நிச்சயமாகிவிட்ட டேகனம் அணி, இழப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையிலும் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முதல் கோலைப் போட்டுவிட்டது. இப்படிப்பட்ட அணிகள் கடைசி நாளில் முழு மனதோடு ஆடுவதைத்தான் இந்த லீகின் நாணயம் என்று நான் சொல்வேன். ரோவர்ஸ் ஒன்றைத் திருப்பியடித்துச் சமன் செய்தது. அதன்பின் தாக்கித் தாக்கிப் பார்த்தும் வெற்றி கோல் வரவில்லை. 90 நிமிஷங்கள் கடந்தன. 92-ஆவது நிமிஷத்தில், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து இடதுபக்கத் தடுப்பாட்டக்காரர் லீ பிரவுனின் காலடிக்கு வர, அவர் அதை உள்ளே தள்ளினார். 2–1. ஜனங்கள் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். அக்ரிங்டனுக்கும் ரோவர்ஸுக்கும் ஆளுக்கு 85 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் ரோவர்ஸ் ஏறியது. இரண்டு வருஷங்களுக்கு முன் லீகை விட்டே வெளியேறி, ஒரே வருஷத்தில் திரும்பிய கிளப் அது.

நேராக ஏறும் வாய்ப்பை இழந்த அக்ரிங்டன் பிளே-ஆஃபுக்குப் போயிற்று. அங்கே அதற்கு எதிராக வந்த அணி ஏ.எஃப்.சி. விம்பிள்டன், இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 3–2 என்று விம்பிள்டன் வென்றது. பிரிஸ்டலில் பிரவுனின் பந்து உள்ளே போகாதிருந்தால் அக்ரிங்டன் இந்த ஆட்டங்களை ஆடியே இருக்காது. விம்பிள்டனின் எதிரி வேறொருவராக இருந்திருப்பார்.

விம்பிள்டன் என்ற பெயரை டென்னிஸோடு மட்டும் சேர்த்து அறிந்த வாசகர்கள், 1988-இல் லிவர்பூலை 1–0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பையும் அறிய வேண்டும். அந்தக் கிளப்பை அதன் உரிமையாளர்கள் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற புது நகரத்துக்குக் கொண்டுபோக விரும்பினார்கள்; கால்பந்துச் சங்கம் நியமித்த மூவர் குழு 2002 மே 28-இல் அதற்கு அனுமதி கொடுத்தது; கைவிடப்பட்ட அபிமானிகள் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்குவது கால்பந்தின் விரிந்த நலனுக்கு உகந்ததாகாது என்ற கருத்தையும் அந்த அறிக்கை தெரிவித்தது. அபிமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சில வாரங்களுக்குள் விம்பிள்டன் பொதுவெளியில், வந்தவர்களையெல்லாம் ஆடவிட்டுப் பார்த்து, ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து, தங்களுக்கே உரிய ஒரு கிளப்பை, உள்ளூர் லீகின் கீழ்ப் படியிலிருந்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இடம்பெயர்ந்த கிளப் 2004-இல் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. புதியவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி 2011-இல் லூட்டன் அணியைப் பெனால்டிகளில் வென்று லீகுக்குள் நுழைந்தார்கள்.

இந்த ஏற்றம் இவ்வளவு சீக்கிரம் கைகூடியதற்கு 1987-இல் வந்த ஒரு மாற்றமும் காரணம். அதற்கு முன்பெல்லாம் நான்காம் பிரிவின் அடியில் நின்றவர்கள் தங்கள் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள மற்ற கிளப்புகளின் வாக்கைக் கேட்பது வழக்கம். பெரும்பாலும் பழையவர்களையே திரும்பத் தேர்ந்தெடுத்து, வெளியே நின்றவர்களை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த வழக்கம் ஒழிந்து, வென்றவன் வருவான் என்ற எளிய நியாயம் வந்த பிறகே, பொதுவெளியில் ஆள் தேடிய ஒரு கிளப்புக்கு ஒருவருடைய தயவும் தேவைப்படாமல் போயிற்று.

2016 மே 30-ஆம் தேதி வெம்ப்ளியில் நடந்த பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் விம்பிள்டனும் பிளிமத் ஆர்கைலும் ஆடின. வெகுநேரம் கோல் இல்லை. 78-ஆவது நிமிஷத்தில் லைல் டெய்லர் முதல் கோலைப் போட்டார். கடைசி நிமிஷங்களில் ஒரு பெனால்டி கிடைத்தபோது, அதை அடிக்க வேறொருவர் இருந்தும், அந்தக் கிளப்புக்குத் தம் கடைசி ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்த அடேபாயோ அகின்ஃபென்வா என்ற பருத்த உடல்வாகுள்ள முன்வரிசைக்காரர் பந்தைத் தாமே வாங்கி உள்ளே அடித்தார். 2–0. விம்பிள்டன் லீக் ஒன்னுக்கு ஏறியது.

அதே மே மாதத்தில், சாம்பியன்ஷிப் பட்டியலின் கடைசிக்கு முந்திய இடத்தில் நின்று, அதே லீக் ஒன்னுக்கு இறங்கி வந்தது மில்டன் கீன்ஸ் டான்ஸ். பதினான்கு வருஷங்களுக்கு முன் பிரிந்த இரு கிளப்புகளும், ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும், முதன்முதலாக ஒரே பிரிவில் வந்து சேர்ந்தன. டிசம்பரில் மில்டன் கீன்ஸில் நடந்த முதல் லீக் ஆட்டத்தில் விம்பிள்டன் 1–0 என்று தோற்றது. 2017 மார்ச் 14-இல் தன் சொந்த மைதானத்தில் 2–0 என்று வென்றது. மேலும் ஒரு வருஷம் கழித்து, 2018-இல், விம்பிள்டன் லீக் ஒன்னிலேயே நிலைத்து நிற்க, மில்டன் கீன்ஸ் நான்காம் பிரிவுக்கு இறங்கியது. அதே வருஷம் அந்த நான்காம் பிரிவின் பட்டத்தை வென்று மேலே ஏறி வந்தது அக்ரிங்டன் ஸ்டான்லி.

(தொடரும்)