பனி பூத்த மரங்களைப் படம் பிடிக்க

தமிழில் பனி என்பது ஒரே சொல். மார்கழி விடியலில் நம் ஜலகண்டாபுரத்துத் தோட்டங்களில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனிதான். ஏற்காட்டு மலைப்பாதையைப் புகைபோல மறைப்பதும் பனிதான். இமயமலைச் சிகரங்களை ஆண்டு முழுவதும் மூடியிருப்பதும் பனிதான். இடத்தைக் கொண்டு பொருளைப் புரிந்துகொள்கிறோம்.

குளிர் நாடுகளில் பனி மூடிய மரங்களின் படங்களை நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் இரண்டை அருகருகே வைத்து உற்றுப் பாருங்கள். ஒன்றில் மரம் பஞ்சு சுற்றி வைத்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருக்கும். மற்றொன்றில் ஒவ்வொரு குச்சியும் கண்ணாடிக் குழாய்க்குள் செருகியதுபோல் பளபளக்கும். இரண்டும் உறைந்த நீர்தான் என்றால், தோற்றத்தில் இவ்வளவு வேறுபாடு ஏன்? இதற்கு விடை தெரிந்தவர், அத்தகைய மரத்தைப் படம் பிடிக்க எங்கே, எப்போது, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டுவிடுவார்.

மூன்று பிறப்புகள்

வானிலிருந்து உதிர்ந்து கிளைகளில் தங்கும் பனிப்பொழிவை இங்கே விட்டுவிடுவோம். மரத்தின் மேலேயே பனி உருவாவது மூன்று வழிகளில் நிகழ்கிறது.

முதலாவது, உறைபனி. உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிட்ட இலையையோ புல்லையோ காற்றிலுள்ள நீராவி தொடும்போது, இடையில் நீராக மாறாமல் நேராகப் பனிப்படிகமாகப் படிகிறது. கற்பூரம் திட நிலையிலிருந்து நேராக ஆவியாவதை அறிவீர்கள். இது அதற்கு நேர் எதிரான செயல். படிகங்கள் ஊசியாகவும் இறகாகவும் வளர்கின்றன. வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவுகளில்தான் இது நன்றாக உண்டாகும்.

இரண்டாவது, மூடுபனி உறைவது. நீர் 0 டிகிரி செல்சியசில் உறையும் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் உறைதலைத் தொடங்கிவைக்கத் தக்க துகள் எதுவும் இல்லாவிட்டால், மூடுபனியின் நுண்துளிகள் அதற்குக் கீழேயும் நீராகவே இருக்கும். மிகத் தூய நுண்துளிகள் ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் நிற்கின்றன. இதனை மிகைக்குளிர்ந்த நீர் என்பர். இத்துளிகளைக் காற்று கொண்டுவந்து கிளையில் மோதும்போது, மோதிய கணத்திலேயே அவை உறைந்து ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த துளி அதன்மேல் ஒட்டுகிறது. ஆகவே இந்தப் பனி காற்று வரும் திசையை நோக்கியே வளர்கிறது. ஜப்பானின் ஸாவோ மலையில் ஊசியிலை மரங்கள் குளிர்காலத்தில் இவ்வாறு மூடப்பட்டு, வெள்ளைப் போர்வை போர்த்திய பூதங்களைப்போல் நிற்கும்.

மூன்றாவது, கண்ணாடிப் பனி. சில நாட்களில் உயரத்தில் வெப்பமான காற்றடுக்கும், தரையருகே உறைநிலைக்குக் கீழான குளிர்ந்த காற்றும் அமைந்துவிடும். மேலே உருகி மழையான துளிகள், கீழே வரும்போது மிகைக்குளிர்ந்துவிடுகின்றன. இவை பெரிய துளிகள். எனவே கிளையில் விழுந்ததும் முதலில் பரவி, பிறகே உறைகின்றன. இடையில் காற்று அதிகம் சிக்காததால், தெளிந்த உறை ஒன்று கிளையைச் சுற்றி அமைந்துவிடுகிறது.

கற்கண்டும் சர்க்கரையும்

ஒரு பெரிய கற்கண்டுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; ஒளி ஊடுருவிச் செல்லும். அதையே அம்மியில் வைத்துப் பொடித்தால் வெள்ளைத் தூள் கிடைக்கும். பொருள் மாறவில்லை, பரப்புகளின் எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது.

பனிக்கட்டியும் அப்படியே. அதன் ஒளிவிலகல் எண் 1.31. அதன் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் சுமார் 2 விழுக்காடுதான் திரும்புகிறது. கண்ணாடிப் பனியில் பரப்புகள் சிலவே. ஆகையால் உள்ளிருக்கும் குச்சியும் மொட்டும் தெளிவாகத் தெரிகின்றன. உறைபனியிலோ ஆயிரக்கணக்கான சிறு முகங்கள். ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக ஒளி திரும்பி, எல்லா நிறங்களும் ஏறக்குறைய சமமாகச் சிதறி, வெண்மையாகக் கண்ணை அடைகின்றன.

படம் எடுப்பவருக்கு இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. வெண்ணிறப் பனிக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். அப்போதுதான் ஊசிகளின் நிழல் விழுந்து அவற்றின் வடிவம் புலப்படும். கண்ணாடிப் பனிக்கு எதிரொளி வேண்டும். அதாவது மரம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு கிளையும் ஒளிவிளிம்புடன் மின்னும். சூரியனைக் கிளையாலோ தண்டாலோ மறைத்துக்கொள்ளுங்கள். கருவியின் கண்ணாடி வழியே அதை நேராகப் பார்க்கவே கூடாது.

சமவெளியிலிருந்து உதகைக்கு

தமிழ்நாட்டில் உறைபனியைக் காண நீலகிரிக்கோ கொடைக்கானல் மலைக்கோ போக வேண்டும். சேலம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 280 மீட்டர். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கணக்கிட்டால் வித்தியாசம் 13 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சேலத்தில் தை மாத விடியலில் 18 டிகிரி என்றால், உதகையில் 5 டிகிரி இருக்க வேண்டும். பிறகு பனி உறைவது எப்படி?

எஞ்சிய குளிர் வானத்தால் வருகிறது. எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்களாக வெளிவிடுகின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிவாக இருந்தால் திரும்பி வருவது மிகக் குறைவு. எனவே இரவு முழுவதும் புல் தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது; அது சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை ஆள் மார்பளவு உயரத்தில், நிழற்கூண்டுக்குள் வைத்திருப்பார்கள். அது 2 டிகிரி காட்டும்போதே புல் நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். ஆகவே 'உதகையில் 2 டிகிரி, புல்வெளியில் உறைபனி' என்ற செய்தியில் முரண்பாடு இல்லை. 'தைப்பனி தரையைப் பிளக்கும்' என்னும் நம் பழமொழியும், இந்தக் குளிர் தரையில்தான் மிகுதி என்பதை நினைவூட்டுகிறது.

தலைக்குந்தா, காந்தள் போன்ற தாழ்வான பகுதிகளில் உறைபனி மிகுதியாகக் காணப்படுவதற்கும் இதுவே காரணம். ஒரு செய்தியை முன்பே அறிந்துகொள்ளுங்கள்: கனடாவைப்போல மரம் முழுவதும் பனி மூடிய காட்சி உதகையில் கிடைக்காது. புல்லும் தேயிலைச் செடியும் குட்டைப் புதர்களும்தான் வெளுத்து நிற்கும். பெரிய மரத்தின் அடியில் புல் பசுமையாகவே இருக்கும்; மரத்தின் கவிகை வெப்பத்தைத் தரைக்குத் திருப்பிவிடுகிறதல்லவா? ஆகவே கீழே குனிந்து, புல் மட்டத்திற்குக் கருவியைக் கொண்டுசென்று படம் எடுங்கள். சூரியன் எழுந்த பின் சிறிது நேரமே உங்களுக்குக் கிடைக்கும். வெயில் பட்ட இடத்தில் பனி மறைய, நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அது தங்கி நிற்கும். வேலியின் நிழல் வெள்ளை வேலியாகவே தரையில் கிடப்பதைக் காணலாம். அதுவும் ஓர் அரிய படம்.

வெள்ளை ஏன் சாம்பலாகிறது?

பனியைப் படம் எடுத்தவர்கள் பலரும் சொல்லும் குறை, 'நேரில் வெள்ளையாக இருந்தது, படத்தில் அழுக்காக இருக்கிறது' என்பது. குற்றம் பனியுடையதன்று. கருவியிலுள்ள ஒளிமானிக்குத் தன் எதிரே இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது தெரியாது. எல்லாக் காட்சிகளும் சராசரியாகச் சுமார் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறம் என்றே கொண்டு அது கணக்கிடுகிறது. புதிய பனியோ 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்புகிறது. 'ஒளி மிகுதி' என்று கருதிக் கருவி அதைக் குறைத்துவிடுகிறது.

இதை மெய்ப்பிக்கப் பனி தேவையில்லை. நெசவு நடக்கும் நம் ஊரில் வெள்ளை நூலுக்குப் பஞ்சமா? வெள்ளைப் பாவு ஒன்று படம் முழுவதையும் நிறைக்கும்படி ஒரு படம் எடுங்கள். அதே இடத்தில் ஒரு கறுப்புத் துணியை விரித்து மற்றொரு படம் எடுங்கள். வெள்ளை மங்கியும் கறுப்பு வெளுத்தும் இரண்டும் சாம்பலை நோக்கி நகர்ந்திருக்கும். கைபேசிகள் பல இதைத் தாமே ஓரளவு திருத்த முயன்றாலும், வேறுபாட்டைக் காணலாம். இனி வெள்ளைப் பாவைத் திரையில் தொட்டு, சூரியக் குறியை மேலே நகர்த்துங்கள். ஒளியளவைக் கூட்டும் வசதியுள்ள கருவியானால் 1 முதல் 2 படி வரை கூட்டுங்கள். வெண்மை திரும்பிவிடும். ஆனால் கரும்பாறையின் முன்னே ஒரே ஒரு பனிக்கிளை என்றால் கணக்குத் தலைகீழாகும். அங்கே ஒளியைக் குறைக்க வேண்டும். இல்லையேல் ஊசிகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் வெள்ளைத் தீற்றலாகிவிடும்.

இருண்ட பின்புலத்தின் அருமையை நன்கு உணர்ந்தவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் ஊரில் வாழ்ந்த உழவர் அவர். நுண்ணோக்கியுடன் கேமராவை இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று பனித்திவலை ஒன்றைப் படம் பிடித்தார். பின்னர் 5,000-க்கும் மேற்பட்ட பனிப் படங்களை எடுத்தார். வெள்ளைப் பின்னணியில் வெண்படிகம் எடுபடாது என்பதால், எதிர்த்தகட்டில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி, பின்புலத்தைக் கறுப்பாக்கினார்.

குளிரில் கருவியைக் காப்பதும் ஒரு கலை. மின்கலத்தில் வேதிவினை மந்தமாகும். எனவே மாற்று மின்கலத்தைச் சட்டைப்பைக்குள் உடல் சூட்டில் வைத்திருங்கள். அறைக்குத் திரும்புமுன் கருவியைப் பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டிவிடுங்கள். இல்லையேல் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த வில்லையின் மேல் நீராகப் படியும். கருவி அறையின் சூட்டை அடைந்தபின் பையைத் திறக்கலாம்.

அழகின் எடை

மூன்று பனிகளிலும் பேரழகு கண்ணாடிப் பனிக்கே, அபாயமும் அதற்கே. ஒரு கணக்குப் போடுவோம். 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள, ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சுற்றி 1 சென்டிமீட்டர் கனத்தில் பனி படிந்தால், அதன் கன அளவு சுமார் 408 கன சென்டிமீட்டர். பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 என்பதால் எடை சுமார் 375 கிராம். ஒரு குச்சிக்கு இவ்வளவென்றால் நூற்றுக்கணக்கான குச்சிகள் கொண்ட மரம் என்னாவது?

1998 ஜனவரியில் கனடாவின் மான்ட்ரியால் நகரிலும் சுற்றுப்புறத்திலும் பல நாட்கள் இத்தகைய மழை பெய்தது. மரங்கள் எண்ணற்று முறிந்தன. எஃகு மின்கோபுரங்களே நூற்றுக்கணக்கில் சாய்ந்தன. சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தமிழர் பெருந்தொகையாக வாழும் டொரான்டோவிலும் 2013 டிசம்பரில் கிறிஸ்துமசை ஒட்டிச் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அங்கே உள்ள உங்கள் உறவினர் இத்தகைய மரங்களைப் படம் பிடிக்க விரும்பினால், கிளைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அடியில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீலகிரியில் உறைபனிக்கு எடை மிகக் குறைவு. ஆனால் அது உயிரைத் தொடுகிறது. இலையின் செல்களுக்கு இடையே பனி உறையும்போது, செல்களுக்குள் இருக்கும் நீரை அது இழுத்துக்கொள்கிறது. செல்கள் வற்றிச் சவ்வு சிதைகிறது. சில நாட்களில் தேயிலைக் கொழுந்து தீயில் வாட்டியதுபோல் கருகிவிடும். அதைத் தடுக்கத்தான் சிறு விவசாயிகள் செடிகளின்மேல் காய்ந்த செடிக்கொத்துகளைப் பரப்புகிறார்கள். மரக் கவிகை செய்யும் வேலையை அந்தக் கொத்து செய்கிறது.

எனவே உதகைக்குப் படம் எடுக்கச் செல்லும்போது, அப்போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டாம். வெளுத்த புல்வெளியில் குறுக்கே நடக்கவும் வேண்டாம். உறைந்த புல்லிதழ் மிதித்தால் நொறுங்கும். அடித்தடங்கள் பழுப்பு நிறத்தில் பல நாள் தெரியும். பாதையோரத்தில் நின்றே நல்ல படம் எடுக்கலாம். புறப்படுமுன் இங்கேயே புல்நுனிப் பனித்துளிகளை விடியலில் எதிரொளியில் எடுத்துப் பழகுங்கள். அந்தத் துளியும், உதகையின் வெண்ணிற ஊசியும் ஒரே நீராவியிலிருந்து வந்தவை. சில டிகிரி வெப்பம்தான் வேறுபாடு.