வளைவுக்கு முன்பே சாயும் ரயில்

ஒகயாமா நகரிலிருந்து ஜப்பான் கடலோரம் இருக்கும் இசுமோவுக்குச் செல்கிறது ‘யகுமோ’ லிமிடெட் எக்ஸ்பிரஸ். சுமார் 220 கி.மீ. தூரம், ஏறக்குறைய 3 மணி நேரப் பயணம். புல்லட் ரயில்களின் நாட்டில் இது என்ன வேகம் என்று தோன்றலாம். ஆனால், இந்தப் பாதையின் பெரும்பகுதி மலைப்பாதை. தகஹாஷி ஆற்றோடு சேர்ந்து வளைந்து வளைந்து மேலேறி, மலையைக் கடந்ததும் ஹினோ ஆற்றோடு இறங்குகிறது. தண்டவாளங்களுக்கு இடையே வெறும் 1,067 மி.மீ. அகலம். இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது எஞ்சினின் பலம் அல்ல, வளைவுதான்.

வளைவில் ரயில் திரும்பும்போது பயணிகள் வெளிப்பக்கம் தள்ளப்படுவார்கள். அதைச் சமாளிக்க வெளிப்புறத் தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போடுவது வழக்கம். அளவுக்கு மீறி உயர்த்தினால், அதே பாதையில் மெதுவாக வரும் சரக்கு ரயிலுக்கு ஆபத்து. தண்டவாளத்தைச் சாய்க்க முடியாவிட்டால் பெட்டியையே சாய்த்தால் என்ன? இப்படிப் பிறந்ததுதான் 381 வரிசை ரயில். 1973-ல் நகோயா–நகானோ இடையிலான ‘ஷினானோ’ எக்ஸ்பிரஸில் அறிமுகமானது. 1972-ல் டீசல் ரயிலாகத் தொடங்கிய யகுமோவுக்கு, 1982-ல் பாதை மின்மயமானபோது வந்து சேர்ந்தது.

இதைச் சாய்க்க மோட்டார் எதுவும் இல்லை. பெட்டி உருளைகளின் மேல் உட்கார்ந்திருக்கும். வளைவு வந்ததும் அதன் அடிப்பகுதி ஊஞ்சல்போல வெளிப்பக்கம் வீசும். அதனால் பெட்டி உட்பக்கமாக 5 டிகிரி வரை சாயும். எடை கீழே இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் உடலை அலுமினியத்தில் செய்து, குளிர்சாதன இயந்திரத்தையும் கூரையிலிருந்து தரைக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். சாதாரண ரயிலைவிட மணிக்கு 20 கி.மீ. வரை கூடுதல் வேகத்தில் வளைவுகளைக் கடக்க முடிந்தது. அருமையான பொறியியல்!

பயணிகளுக்குத்தான் வயிற்றைப் புரட்டியது. உருளைகளில் உராய்வு உண்டல்லவா? வளைவுக்குள் நுழைந்த பிறகும் பெட்டி ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு சட்டெனச் சாயும். வளைவு முடிந்த பிறகும் தாமதமாகவே நிமிரும். அடுத்தடுத்து வளைவுகள் வரும்போது இந்த மெதுவான ஆட்டம் ஓயாமல் தொடரும். உட்காதின் சமநிலை உறுப்பு இதைத்தான் தாங்காது. வாந்திப் பை இந்த ரயிலின் அத்தியாவசியப் பொருளானது.

ஆக, பிரச்சினை சாய்வதில் இல்லை, தாமதமாகச் சாய்வதில். தீர்வும் சீக்கிரமே வந்துவிட்டது. 1989-ல் ஷிகோகு தீவில் ஓடிய 2000 வரிசை டீசல் ரயில், பாதையின் வளைவுகளைக் கணினியில் பதிந்து வைத்திருந்தது. வளைவு நெருங்கும்போதே காற்றழுத்த சிலிண்டர்கள் பெட்டியை மெல்லச் சாய்க்கத் தொடங்கிவிடும். ஆனால், தான் எங்கே இருக்கிறது என்பதை அந்த ரயில் பெரும்பாலும் சக்கரச் சுழற்சியை எண்ணியே அறிந்தது. மழையில் சக்கரம் வழுக்கினால் கணக்குத் தப்பும்.

2024 ஏப்ரலில் யகுமோவுக்கு வந்த 273 வரிசை, இந்தக் குறையையும் சரிசெய்தது. ஜைரோ உணரி ரயில் திரும்பும் விதத்தை அளக்க, கணினி அதை வரைபடத்தோடு ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது. அதன்பின் சரியான நொடியில் சாய்வு தொடங்குகிறது.

1989-ல் கிடைத்த தீர்வின் பலன் யகுமோ பயணிகளுக்குக் கிடைக்க 35 ஆண்டுகள் ஆனது பெரிய தாமதம்தான். வேகத்தை அளந்த அக்கறையோடு பயணியின் உடல்நலத்தையும் அளந்திருந்தால் இது முன்பே நடந்திருக்கும். 381 வரிசை ரயில்கள் 2024 ஜூனில் யகுமோவின் வழக்கமான சேவையிலிருந்து ஓய்வுபெற்றன.